பட்டாளத்தார் ஊர் திரும்பிய பிறகு

இந்திய ராணுவத்தில் ஒரு சிப்பாய் எந்த வயதில் ஓய்வு பெறுகிறார் என்று கேட்டால், படைக்கு ஆள் அனுப்பிப் பழக்கமில்லாத ஊர்களில் பெரும்பாலும் தவறான பதில்தான் கிடைக்கும். சிப்பாயாகவே இருந்துவிட்டால் நாற்பதை எட்டும் முன்பே அவர் பெட்டியைக் கட்ட வேண்டும். நாயக், ஹவில்தார் என்று படியேறியவருக்கு இன்னும் சில ஆண்டுகள் கிடைக்கும். எல்லை காக்கும் படை இளமையோடு இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் விளைவு என்ன? அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர் ஓய்வு பெறும்போது பிள்ளைகள் ஆளாகியிருப்பார்கள். பட்டாளத்தார் ஓய்வு பெறும்போது மகள் ஒன்பதாம் வகுப்பில் இருப்பாள், மகன் ஆறாவதில் இருப்பான், வீட்டுக் கடனில் பாதி அப்படியே நிற்கும். சீருடையில் இருந்த காலத்தைவிட நீண்ட வாழ்க்கை இன்னும் பாக்கி இருக்கும்.

நாடு முழுவதும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் முப்படைகளிலிருந்தும் இப்படி வெளியே வருகிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பதக்கம் பெற்றவர்கள் சிலர். மற்ற எல்லோரும் சாதாரண மனிதர்கள். அந்தச் சாதாரண மனிதரின் மீதி வாழ்க்கைக்கு யார் பொறுப்பு என்பதே இங்கே நாம் பேச வேண்டியது. டெல்லிதான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஓய்வூதியம் டெல்லியிலிருந்து வரலாம். மனிதர் திரும்பி வருவது நம் தெருவுக்கு.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், சுமார் 19,600 அடி உயரத்தில், மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த காவல் முகாம் ஒன்றின் மேல் பனிச்சுவர் இடிந்து விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் 10 பேர். ஆறு நாள் கழித்து உயிரோடு தோண்டி எடுக்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா, நாடே பிரார்த்தித்தும், பிப்ரவரி 11 அன்று இறந்துபோனார். அந்தப் பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள்: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகள். உடல்கள் ஊர் வந்த நாளில் வயல் வரப்பெல்லாம் ஆட்கள் நின்றார்கள். அப்படி நின்றது சரி. அதே பட்டாலியனில் அதே பனியில் முறை வைத்துக் காவல் நின்று, விரல் நுனி மரத்துப்போய், பத்திரமாகக் கீழே இறங்கி வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் இதே மாவட்டங்களுக்குத்தான் திரும்பி வருகிறார்கள். அவர்கள் பேருந்திலிருந்து இறங்கும்போது வரப்பில் யாரும் நிற்பதில்லை.

முதல் உலகப் போர் முடிந்த பிறகு ஆங்கிலேய அரசு தமிழக ஊர்கள் பலவற்றில் கல் பதித்தது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கும். வேலூர் மணிக்கூண்டிலும் அப்படி ஒரு கல் உண்டு. போனவர் தொகையும் இறந்தவர் தொகையும் இருக்கும், பெயர் இருக்காது. திரும்பி வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு சொல் இருக்காது. நூறு ஆண்டு கழித்தும் நாம் அந்தக் கணக்கையே வைத்திருக்கிறோமோ என்ற கவலையில்தான் இதை எழுத நேர்ந்தது.

வேலூர் மாவட்டம் கணியம்பாடியை அடுத்த கம்மவான்பேட்டையைச் சுற்றுவட்டாரத்தில் ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் கொடுத்த ஊர். அந்தப் பக்கத்திலிருந்து 1987இல், பதினெட்டு வயதில், ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போன ஒருவரை நினைத்துக்கொள்வோம். இது தனி ஒருவரின் வரலாறு அல்ல. ஆனால் அந்த வட்டாரத்தில் பலரிடம் சொன்னால், என் கதையை யார் உங்களுக்குச் சொன்னார்கள் என்று கேட்பார்கள்.

விடியற்காலையில் 1.6 கிலோமீட்டர் ஓடி, மூச்சை இழுத்து நெஞ்சை விரித்துக் காட்டித் தேர்வாகிறார். வெலிங்டன் குளிரில், 1758இல் தோன்றிய மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையத்தில் பயிற்சி. சொந்த ஊரில் ஸ்வெட்டர் பார்த்திராத பையன் அங்கே நாலரை மணிக்கு எழுந்து ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறான். இந்தி பேசக் கற்றுக்கொள்கிறான், லங்கர் என்ற படைச் சமையல்கூடத்தில் ரொட்டி தின்னப் பழகுகிறான். பிறகு, அப்போது கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு வரை போன ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் மூன்று இரவுப் பயணம். வீட்டிலிருந்து போகும் கடிதத்தில் ஊர்ப் பெயர் இருக்காது. 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்று ராணுவ அஞ்சலக எண்ணை எழுதினால் போய்ச் சேர்ந்துவிடும். மகன் எந்த மலையில் நிற்கிறான் என்று தாய்க்குக் கடைசிவரை தெரியாது.

ஆண்டு விடுமுறை 60 நாள், தற்செயல் விடுமுறை 30 நாள். அந்த அறுபது நாளுக்குள் பெண் பார்த்து, நிச்சயம் செய்து, தாலி கட்டி, மறுவீடு போய், திரும்ப வண்டி ஏற வேண்டும். முதல் குழந்தையைப் பல மாதம் கழித்துத்தான் பார்ப்பார். அது யாரோ புது ஆள் என்று அழும். அவர் மனைவி இருபது வருடம் தனி ஆளாகக் குடும்பம் நடத்தியவர். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், மாமியாரின் மருத்துவமனை, வாய்க்கால் தண்ணீர்ச் சண்டை, சொந்தக்காரர் கல்யாண மொய் எல்லாம் அவர் கணக்கு. பதக்கப் பட்டியலில் அந்தப் பெண்களுக்கு இடமில்லை. முன்னாள் படைவீரர் நலன் என்று நாம் பேசும்போது அதில் பாதி அவர்களுடையது.

1987இல் சேர்ந்தவர்களுக்கு இன்னொரு பாரமும் உண்டு. அந்த ஆண்டு ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம். அமைதிப் படை என்ற பெயரில் போன ராணுவம் அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் போரில் இறங்கியது. 1990 மார்ச்சில் கடைசி வீரர்கள் திரும்பும் முன் ஏறத்தாழ 1,200 இந்தியச் சிப்பாய்கள் மடிந்திருந்தார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் பட்டாலியன்களும் அங்கே இருந்தன. ஈழத் தமிழர் பட்ட பாட்டை ஒதுக்கிவிட்டு இதைப் பேச முடியாது. யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் கொல்லப்பட்டது உட்பட, அந்த மக்களின் காயம் இன்னும் ஆறவில்லை. அந்தக் காயத்துக்கு நடுவே, தன் மொழி பேசும் கிழவி ஒருத்தி கதவைத் திறந்து பார்த்தபோது கையில் துப்பாக்கியோடு நின்ற தமிழ்ச் சிப்பாயும் இருந்தான். அந்தப் போரை அவன் தேர்ந்தெடுக்கவில்லை. கடைசிப் படைப்பிரிவுகள் சென்னையில் வந்து இறங்கியபோது மாநில முதல்வர் வரவேற்கப் போகவில்லை. அதற்கான அரசியல் காரணங்களை அன்றைக்கும் தமிழகம் விவாதித்தது, இன்றைக்கும் விவாதிக்கலாம். அந்தச் சிப்பாய் என்ன நினைத்தான், எதைச் சுமந்துகொண்டு வந்தான் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் இறந்தவர்களுக்கு 2008 முதல் நினைவிடம் இருக்கிறது. உயிரோடு வந்தவர்கள் இன்று அறுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வாய் திறந்து பேசக் கேட்பதும் எழுதி வைப்பதும் வாய்மொழி வரலாறு சேகரிக்கும் நம் பல்கலைக்கழகங்களின் கடமை. ஈழத்திலிருந்து வந்தவர்களின் நினைவுகளையும் இவர்களின் நினைவுகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் துணிவு நமக்கு வர வேண்டும்.

நம் பட்டாளத்தார் பிறகு காஷ்மீர் போகிறார், அசாம் போகிறார், 1999 கார்கில் கோடையை மலையடிவாரத்தில் கழிக்கிறார். ஹவில்தாராகி, 24 ஆண்டு முடித்து, 2011இல் வெள்ளைப் பெயிண்டில் பெயரும் நம்பரும் எழுதிய கறுப்பு ட்ரங்குப் பெட்டியோடு ஊர் வருகிறார். வயது 42. கையில் டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. என்று எல்லோரும் சொல்லும் ஓய்வூதிய ஆணை, கேன்டீன் கார்டு.

ஊர் அவரைப் பற்றி ஒரே வாக்கியம்தான் சொல்லும்: "மிலிட்டரிக்காரருக்கு என்னப்பா, பென்ஷன் வருது, கேன்டீன் இருக்கு."

அந்த வாக்கியத்தின் இரண்டு பாதிகளையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 15 ஆண்டு பணி முடித்த சிப்பாய்க்குத்தான் ஓய்வூதியம். அதற்கு முன் ஏதோ காரணத்தால் வெளியேறியவர்களுக்குப் பெரும்பாலும் அது கிடையாது. அப்படி முதுமையில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பவர்களுக்கு மத்திய சைனிக் வாரியம் வறுமை உதவித்தொகை தருகிறது. அது இருப்பதே தெரியாமல் கூலிக்குப் போகும் முதியவர்கள் கிராமங்களில் இருக்கிறார்கள். ஓய்வூதியம் வருகிறவருக்கும் அது வந்து சேரும் வழி எளிதானதல்ல. ராணுவக் கோப்பில் அவருடைய திருமணமும் குழந்தைகளின் பிறப்பும் பார்ட் டூ ஆர்டர் என்ற பதிவில் ஏற வேண்டும். அந்தப் பதிவை எழுதியவர் பெரும்பாலும் தமிழ் தெரியாத குமாஸ்தா. தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான் என்பது அவருக்குப் புரிவதில்லை. அப்பா பெயரைப் பின்னால் ஒட்டிவிடுவார். மனைவி பெயர் வீட்டில் கூப்பிடும் பெயராக ஏறியிருக்கும். ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், வங்கியில் இன்னொன்று, வெலிங்டன் ரெக்கார்ட் அலுவலகத்தில் மூன்றாவது. அவர் உயிரோடு இருக்கும்வரை இது யாரையும் உறுத்தாது. அவர் கண் மூடிய பிறகு, கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு குடும்ப ஓய்வூதியத்துக்காக விதவை வாசல் வாசலாக அலையும்போதுதான் ஒரு எழுத்தின் எடை தெரியும். நான்தான் அவர் பெண்டாட்டி என்று நிரூபிக்க அறுபது வயதில் ஒரு பெண்ணை அலைய விடுவது நியாயமா?

இப்போது ஓய்வூதியம் முழுவதும் ஸ்பர்ஷ் என்ற கணினி முறைக்கு மாறியிருக்கிறது. பிரயாக்ராஜில் இருக்கும் கணக்கு அலுவலகத்தோடு நேரடியாக இணைந்த முறை, நன்மைகள் பல. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் தான் உயிரோடு இருப்பதை ஓய்வூதியர் அதில் உறுதிப்படுத்த வேண்டும். பெரும்பாலோருக்கு அது நவம்பர் மாத வேலை. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை பதிவதில்லை. கடவுச்சொல் எண்பது வயதுக்காரரின் நினைவில் நிற்பதில்லை. சான்று ஏறாவிட்டால் பணம் நிற்கும். இத்தனைக்கும் முகத்தைக் காட்டியே உயிர்ச்சான்று கொடுக்கும் வசதி கைப்பேசியில் வந்துவிட்டது. கல்லூரி மாணவி ஒருத்திக்குப் பத்து நிமிட வேலை. நாட்டு நலப்பணித் திட்டத்திலும் தேசிய மாணவர் படையிலும் இருக்கிற பிள்ளைகள் நவம்பர் மாதத்து இரண்டு சனிக்கிழமைகளைத் தங்கள் ஒன்றியத்து முன்னாள் படைவீரர் வீடுகளுக்குக் கொடுத்தால், இந்தத் துன்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அரசாணை எதுவும் வேண்டாம். ஒரு பேராசிரியர் முடிவெடுத்தால் போதும். அதே வருகையில் கோப்பில் இருக்கும் மனைவியின் பெயரையும் ஆதாரில் இருக்கும் பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டால், பின்னால் ஒரு விதவைக்குப் பல ஆண்டு அலைச்சல் மிச்சம்.

கேன்டீன் விஷயத்துக்கு வருவோம். அங்கே கிடைக்கும் சலுகை விலைச் சோப்பையும் ரம்மையும் வைத்தே பட்டாளத்தாரை எடைபோடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வாசலில் கார்டைக் கடன் கேட்டு வருகிறவர்களும் நாம்தான். குடியை மறைத்துப் பேச வேண்டியதில்லை. பனியிலும் தனிமையிலும் தொற்றிக்கொண்ட பழக்கம், வேலையில்லாத நாற்பத்திரண்டு வயதில் முற்றிவிடுகிற வீடுகள் உண்டு. இரவில் திடுக்கிட்டு எழுகிறவர்கள் உண்டு, பிள்ளைகளிடம் பாசத்தை அதட்டலாக மட்டுமே காட்டத் தெரிந்தவர்கள் உண்டு. இதற்கு நோய் என்று பெயர் வைத்துச் சிகிச்சை பார்க்கலாம் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. முன்னாள் படைவீரர்களுக்காக 2003இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் பாலிகிளினிக்குகள் இருக்கின்றன. ஆனால் உள்ளடங்கிய கிராமத்திலிருந்து அங்கே போய் வர ஒரு நாள் கழிந்துவிடும். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகள், பில் தொகை வரத் தாமதமாகிறது என்று கை விரிப்பது நாடெங்கும் கேட்கும் குறை. மனநல ஆலோசனையை மாவட்ட அரசு மருத்துவமனை வழியாகவே இவர்களுக்கும் மனைவிமாருக்கும் கொண்டுபோக முடியும். அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. வா என்று கூட்டிப் போகிற ஆள்தான் இல்லை.

வேலை விஷயத்தில்தான் நம் சமூகத்தின் தோல்வி மிகத் தெளிவாகத் தெரிகிறது. பாலம் கட்டிய சாப்பர், டாங்கி இன்ஜினைப் பிரித்துப் பூட்டிய இ.எம்.இ. மெக்கானிக், நாற்பது கிலோமீட்டர் மலைப்பாதையில் பனிக்கு நடுவே லாரி ஓட்டிய டிரைவர், நூறு பேர் கம்பெனிக்குச் சரக்குக் கணக்கு எழுதிய ஸ்டோர்மேன் என்று எவரை எடுத்தாலும், வெளியே வந்ததும் நாம் அவருக்குக் கொடுக்கும் வேலை ஒன்றுதான்: செக்யூரிட்டி. அடுக்குமாடி வாசலிலும் ஏ.டி.எம். வாசலிலும் பன்னிரண்டு மணி நேரம். காவல் வேலை இழிவல்ல. ஆனால் வேறு எதற்கும் இவர் லாயக்கில்லை என்று தீர்மானித்துவிட்டுக் கொடுக்கும்போது அது இழிவாகிவிடுகிறது. அதிலும் ஒப்பந்தக்காரர் வழியாக, வாரவிடுப்பு இல்லாமல், சேமநல நிதி இல்லாமல் நிற்கவைப்பது குடியிருப்போர் சங்கத்தில் கையெழுத்துப் போடும் நம் கண்முன்னே நடக்கிறது. தேசியக் கொடியை மாடியில் ஏற்றும் அதே குடியிருப்பில், வாசலில் நிற்கும் முன்னாள் சிப்பாய்க்கு உட்கார நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள்.

பத்தாம் வகுப்பு படித்து 15 ஆண்டு பணி முடித்த படைவீரரைப் பட்டதாரிக்கு நிகராகக் கருதி சி பிரிவுப் பணிகளுக்கு எடுக்கலாம் என்று மத்திய அரசின் விதியே இருக்கிறது. ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கோவையிலும் ஆள் தேடும் தொழிற்சாலைகளில் எத்தனை மனிதவள மேலாளர்களுக்கு இது தெரியும்? டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு தொழிற்பேட்டைச் சங்கத்திலும் இருந்தாலே பாதி வழி திறக்கும். மத்திய அரசுப் பணிகளில் சி பிரிவில் 10 விழுக்காடு முன்னாள் படைவீரருக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். தகுதியான ஆள் வரவில்லை என்று பல இடங்கள் நிரம்பாமலே போகின்றன. ஆள் இல்லையா? விண்ணப்பிக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. தமிழக அரசு கொண்டுவந்திருக்கும் முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டம் ஒரு கோடி ரூபாய் வரை தொழில்கடனுக்கு 30 விழுக்காடு மூலதன மானியமும் 3 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் வாழ்நாள் முழுக்க உத்தரவுக்குப் பழகியவர் திடீரென்று முதலாளியாகிவிட முடியாது. அவரோடு ஆறு மாதம் கூட நின்று சரக்குப் பிடிக்கவும், ஜி.எஸ்.டி. கட்டவும், வாங்கியவர் கடன் சொன்னால் மறுக்கவும் கற்றுக்கொடுக்க உள்ளூர் வணிகர் சங்கம் முன்வர வேண்டும்.

இன்னொன்று. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணிக் கரையெல்லாம் மூழ்கியபோது, வெளியிலிருந்து மீட்புப் படை வந்து சேர நேரமாயிற்று. தென்மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் இல்லாத ஒன்றியம் ஏது? வெள்ளத்தில் கயிறு கட்டவும், தோணியில் ஆள் ஏற்றவும், கூட்டத்தை அமைதிப்படுத்தவும் தெரிந்த கைகள் அவை. பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்களை ராணுவமே தம்பி என்றுதான் அழைக்கிறது. அந்தத் தம்பிகள் ஒவ்வொரு வட்டத்திலும் இருக்கிறார்கள். வட்டாட்சியரின் பேரிடர்ப் பட்டியலில் அவர்கள் பெயரும் கைப்பேசி எண்ணும் இருக்க வேண்டாமா? இப்படிச் சொல்வது அவர்களுக்கு உதவி செய்வதற்காக அல்ல. நமக்கு அவர்கள் தேவை என்பதற்காக.

ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்ற கோரிக்கைக்கான போராட்டம் எவ்வளவு காலம் நடந்தது என்பது இந்தக் குடும்பங்களுக்குத் தெரியும். 1984இல் கே.பி.சிங் தேவ் குழு, 2011இல் கோஷியாரி குழு, 2015 கோடையில் டெல்லி ஜந்தர் மந்தரில் முதியவர்களின் உண்ணாநிலை, அந்த நவம்பரில் ஆணை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுகணக்கு என்ற ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் 2022இல் ஏற்றது. அந்த விவாதத்தை இங்கே மறுபடி நடத்த வேண்டியதில்லை. அதில் எல்லாக் கட்சிகளும் பேசின. கிராமத்து முன்னாள் சிப்பாயின் வாசலில் யாரும் உட்காரவில்லை. ஊடகங்களான எங்களுக்கும் இதில் பங்குண்டு. உயிர்த்தியாகத்துக்கு முதல் பக்கம் தருகிறோம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் முன்னாள் படைவீரர் குறைதீர் நாளுக்குச் செய்தியாளரை அனுப்புவதில்லை. அங்கே வரும் மனுக்களைப் படித்தால் ஒரு சித்திரம் கிடைக்கும்: எல்லையில் இருந்தபோது பங்காளி வளைத்துக்கொண்ட நிலம், தான் இல்லாமலே நடந்த பாகப்பிரிவினை, அடைபட்ட வண்டிப்பாதை. நாட்டின் எல்லைக்குக் காவல் நின்றவர் தன் வயலின் எல்லைக்கல்லைத் தேடி வருகிறார். பணியில் இருக்கும்போதே, விடுமுறை அறுபதே நாள் உள்ள சிப்பாய்க்கு நில அளவையிலும் பட்டா மாறுதலிலும் முன்னுரிமை தருவது ஒரு சர்வேயராலும் ஒரு கிராம நிர்வாக அலுவலராலும் முடியும். அவருடைய சொந்த அண்ணன் தம்பிகளாலும் முடியும்.

முன்னாள் படைவீரர்களுக்கும் ஒரு வார்த்தை உரிமையோடு சொல்ல வேண்டும். ஊர் மதிக்கவில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவது பலருடைய வழக்கம். சிவிலியனுக்கு என்ன தெரியும் என்ற பேச்சும் காதில் விழுகிறது. அந்தச் சிவிலியனின் வரிப்பணமும் பிள்ளைகள் டிசம்பர் 7 அன்று சட்டையில் குத்திக்கொண்டு கொடுத்த கொடிநாள் காசும் உங்களுக்குப் பின்னால் நின்றிருக்கின்றன. பதிவுகளைச் சரிபார்த்து, மனைவிக்கு எல்லாக் காகிதமும் எங்கே இருக்கிறது என்று சொல்லி வைப்பது உங்கள் வேலை. பல ஊர்களில் ஓய்வு பெற்ற ஹவில்தார்கள் விடியற்காலையில் மைதானத்தில் நின்று, காசு வாங்காமல், ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் போக விரும்பும் பிள்ளைகளை ஓடவைத்துப் பழக்குகிறார்கள். அந்த மைதானங்களில் ஊரும் பட்டாளத்தாரும் தாமாகவே சேர்ந்துவிடுகிறார்கள். ஊராட்சி அங்கே ஒரு விளக்கும் தண்ணீர்க் குழாயும் போட்டுக் கொடுத்தால் போதும்.

இதையெல்லாம் இப்போது அவசரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் பணிக்காலம் 4 ஆண்டுகள். அவர்களில் 25 விழுக்காட்டினர் வரை நிரந்தரமாக்கப்படுவார்கள். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வெளியே வருவார்கள். ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லை, கேன்டீன் கார்டும் இல்லை. 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போன முதல் அணியின் நான்கு ஆண்டுகள் 2026 முடிந்து 2027 பிறக்கும் வேளையில் நிறைவடைகின்றன. திட்டம் சரியா தவறா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம், இருக்கிறது. வரப்போகும் பையனுக்கு வயது இருபதுகளில்தான் இருக்கும் என்பதில் வேறுபாடில்லை. மத்திய ஆயுதக் காவல் படைகளில் இடஒதுக்கீடு என்று அறிவித்திருக்கிறார்கள். அது எல்லோருக்கும் எட்டாது. கையில் லட்சங்களோடு ஊர் வரும் இளைஞனைச் சீட்டுக் கம்பெனிக்காரரும் ரியல் எஸ்டேட் தரகரும் முதலில் சந்திக்கப் போகிறார்களா, அல்லது ஐ.டி.ஐ. முதல்வரும் வங்கி மேலாளரும் அவனுக்கு முன்னால் போன ஹவில்தாரும் முதலில் சந்திக்கப் போகிறார்களா? அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவன் ஊர்க்காரர்கள்.

தமிழகக் கிராமங்களில் நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று கிராம சபை கூடுகிறது. உயிர்ச்சான்று மாதத்தின் முதல் நாளும் அதுவே. இந்த ஆண்டு அந்தக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் ஒரு தலைப்பைக் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லி ஊராட்சித் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: நம் ஊரிலிருந்து படைக்குப் போனவர்கள், திரும்பியவர்கள், அடுத்த ஆறு மாதத்தில் திரும்பப் போகிறவர்கள், அவர்களில் இறந்தவர்களின் மனைவியர் யார் யார், அவர்களுக்கு என்ன நிலுவையில் இருக்கிறது, அவர்களால் ஊருக்கு என்ன ஆகும். எண்ணிக்கையாக வேண்டாம், பெயர் பெயராக எழுதுங்கள். ஊராட்சிச் செயலர் அந்தப் பட்டியலின் ஒரு படியை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும், ஒன்றை வட்டாட்சியருக்கும், ஒன்றைப் பக்கத்துக் கல்லூரிக்கும் அனுப்பட்டும்.